ஹெக்டரின் கிளிப் பீரங்கி

என் கணவர் ஹெக்டருக்குக் கையில் ஒரு ஸ்பனர் இருந்தால் போதும், மூளை தேவையில்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மெதடிஸ்த கோயிலில் பாடுவார். அந்தக் குரலில் மயங்கித்தான் கலியாணத்துக்குத் தலையாட்டினேன். என் தலையெழுத்து!

அறுபத்தேழாம் ஆண்டு யாரோ ஒரு சோவியத் சஞ்சிகையைக் கொடுத்துத் தொலைத்தார்கள். அதிலே விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் ரஷ்ய வண்டியின் படம். சங்கிலிச் சில்லு, மேலே சுழலும் கூண்டு, வானத்தைப் பார்த்து நாலு குழல். சாப்பிடும்போதும் அது அவர் மடியில் கிடந்தது.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் வயல் என் சீதனம். நாளைக்கு மகள் செசீலியாவுக்குப் போக வேண்டியது. எங்கள் வருடச் சோறும் அதுதான். கதிர் வருமுன்னே, வயற்காரர் எல்லோரும் கூடும் வட்டைக் கூட்டத்தில் கிளி விரட்ட ஆள் பேசிவிட வேண்டும். பிந்தினால் ஒருவரும் கிடைக்கமாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இந்த மனுசன் எழுந்து நின்று, "எங்களுக்கு ஆள் வேணாம், மெசின் வருது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிளேனையே விழுத்துது மார்கிறட், கிளி என்ன பெரிய ஆளா?"

"கிளிக்கு ஒங்களைவிட மூளை இருக்கு!"

இரண்டு சில்லு உழவு மெசினில் நாலு இரும்புக் குழாய்களைப் பூட்டினார். காபைட் கல்லில் தண்ணீர் பட்டு எழும் வாயுவுக்கு நெருப்பு வைத்தால் வெடிக்கும். சுழலும் கூண்டுக்கு? நான் நெல் அவிக்கும் பெரிய கிடாரம்! அம்மா தந்தது. அடியை வெட்டி எடுத்துவிட்டார், பாவி.

முதல் வெடிக்கே கிளிகள் எழும்பின. எழும்பிப் பக்கத்து வயலில் இறங்கின. வயற்காரர் கந்தப்போடி தலைப்பாகை அவிழ ஓடி வந்தார்.

"என்ன புள்ள இது, ஒங்கட கிளிக்கு என்ட நெல்லா தீனி?"

இவர் வண்டியைத் திருப்பினார். ஈரம் காயாத இடத்தில் அது புதைந்து சாய்ந்தது. காபைட் டின் சேற்றில் விழுந்து பொங்கி முடிந்தது. எருமை கட்டி இழுத்தால் பழுக்கிற கதிரெல்லாம் மிதிபடும் என்று அப்படியே விட்டோம். அடுத்த நாள் காலையில் நாலு குழலிலும் கிளிகள்.

வாயில் வந்தபடி ஏசினேன். அவர் லீவு போட்டுவிட்டு, விடியப் போய்க் கிடாரத்துக்குள் நின்று "கூய்! கூய்!" என்று பொழுதுபடும்வரை கத்தினார். அறுவடை வரைக்கும் அதே வேலை. நெல் தப்பியது. தொண்டை போய்விட்டது.

அறுவடைப் பண்டிகையன்று பாட வாய் திறந்தார், காற்றுத்தான் வந்தது. பாடகர்களின் தலைவர் ஜெயராஜா, "என்ன ஹெக்டர், பீரங்கி கிளியைச் சுட்டதா, ஒன்ட தொண்டையைச் சுட்டதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் முன்னே போய் நின்றேன்.

"மெசின்தான் எங்கட நெல்லைக் காப்பாத்தினது. வேணுமெண்டா வந்து பாருங்க" என்றேன். கோயிலுக்குள் நின்று சொன்ன பொய்.

"அப்பிடியா! அப்ப எனக்கும் ஒண்டு செய்து தா" என்றார் ஜெயராஜா இவரிடம்.

வீட்டுக்கு வந்ததும் குசினியில் டங்கு டங்கென்று சத்தம். மிஞ்சியிருந்த சின்னக் கிடாரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்கிறட், இது ஒனக்குத் தேவையா?" என்றார், அந்தக் கம்மிப்போன குரலில்.

"எடுத்துத் தொலையுங்க!" என்றேன்.