மாடி ஏறிய படகு

அவள் தையல்காரி, கணவர் வெல்டர். மீன்பிடித்து ஓய்ந்த படகு ஒன்றை வாங்கி, குடும்பத்தோடு கடலில் உலாவலாம் என்று அவர் ஓராண்டாக அதோடு மல்லுக்கட்டினார். வலை இழுக்கும் இயந்திரத்தைக் கழற்றினார். ஐஸ் நிரப்பும் அடியறையைக் கழுவிப் படுக்கையறையாக்கினார். கூரைமேல் இரும்பில் மாடியும் கட்டினார். மெத்தைகளுக்கு உறை தைத்தது அவள்தான். ஆனால் படகில் கால் வைக்கவே அவளுக்குப் பயம்.

"சும்மா பயப்படாதே. எல்லாம் கெட்டியா இருக்கு" என்பார் அவர்.

வெள்ளோட்டத்துக்கு முந்தின நாள், பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் மாடியேறி, ஒரே பக்கமாக நின்று கையசைத்தார்கள். கரையில் கட்டியிருந்த படகு அப்படியே சாய்ந்தது. மெல்லத்தான் நிமிர்ந்தது. அவளுக்கு உயிர் போய்வந்தது. எல்லாரையும் இறக்கிவிட்டு, படகை விற்ற மீனவரிடம் நேரே போனாள்.

"அண்ணே, உங்ககிட்ட இருந்தப்பவும் இப்படிச் சாயுமா?"

"எங்கம்மா சாயும்? அடியில ஐஸும் மீனும் மலை மாதிரி கிடக்கும். நீங்க கீழ இருந்த பாரத்தை எடுத்துட்டு மேல ஏத்தி வச்சிருக்கீங்க."

அவள் வந்து சொன்னதும் கணவரின் முகம் சுண்டிப்போனது. மறுவாரமே மாடியை அறுத்து இறக்கினார். படுக்கைக்கு அடியில் இரும்புக் கட்டிகளை அடுக்கி, நகராமல் இறுக்கினார்.

பிறகு இரு மகள்களோடு கடலுக்குப் போனார்கள். அலையில் படகு சாய்ந்தது, சட்டென்று நிமிர்ந்தது. ஒவ்வொரு சாய்வுக்கும் அவள் மூச்சைப் பிடித்தாள். நிமிர்ந்த பிறகே விட்டாள்.

"இப்பவாவது பயம் போச்சா?" என்றார் கணவர்.

"பேச்சுக் குடுக்காதீங்க. மூச்சு விட்டுட்டிருக்கேன்."