அப்பா ஜாக்கி வாங்கிய விதம்

எட்டு வயதில் எனக்கு ஊரில் ஒரே ஒரு எதிரிதான். அவள்தான் தினமும் எனக்குத் தலை வாரிச் சடை பின்னிவிடுவாள்.

அவள் என் அத்தை மகள். அத்தை இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். வந்து ஆறு மாதத்துக்குள் அப்பாவுக்கு வலதுகை ஆகிவிட்டாள். சாப்பிடும்போது அப்பாவுக்கு எதிரில் அவள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு நடக்கும்போது அப்பாவுக்குப் பக்கத்தில் அவள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்கள். ஞாயிறு பூசை தவறாத கிறிஸ்தவ வீடுதான் எங்களுடையது. ஆனாலும் அந்தப் பழமொழியை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பல்லைக் கடிப்பேன்.

அப்பா ஜாக்கி மேஸ்திரி. பத்து ஆள் சேர்ந்தாலும் அசையாத கனத்துக்கு அடியில் முழங்கால் உயர இரும்புத் திருகைக் கொடுத்து, கம்பி போட்டுச் சுற்றிச் சுற்றி மேலே தூக்குவது தொழில். அந்தத் திருகுதான் ஜாக்கி. அமிர்திக் காட்டில் ஓடைக்குள் இறங்கிய மரலாரி என்றாலும், மலைப்பாதையில் உருண்டு வந்த பாறை என்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வருஷ மழையில், அமிர்தி போகும் வழியிலிருந்த ஓடைப் பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரம், கர்டர் என்பார்கள், ஒரு பக்கம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. உலகச் சண்டைக் காலம். மலையிலிருந்து மரம் வந்தே ஆக வேண்டும். வேலூர் கண்ட்ராக்டர் ஒருவர் அப்பாவிடம் வேலையைக் கொடுத்தார். இதை ஒழுங்காக முடித்தால் மேலே மலையில் நெல்லிவாசல் பக்கம் வருஷம் முழுக்க வேலை தருவதாகவும் சொல்லியிருந்தார். அந்த வேலைக்காக அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.

அப்பாவிடம் இருந்தது இரண்டு ஜாக்கி. இன்னும் இரண்டு வேண்டும். வேலூர் பழைய இரும்புக் கடைக்குப் போய் எடுத்து வர அப்பா அவளைக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. நான் தரையில் விழுந்து புரண்டேன்.

"இவளயும்தான் இட்டுக்னு போங்களேன், அழுவுதில்ல" என்று அம்மா அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா சொன்னாலும் கேக்கற மனுசனா உங்கப்பா" என்று சலித்துக்கொண்டாள். அப்பா பிடிவாதக்காரர் என்பது எனக்கும் தெரியும்.

கணியம்பாடி வரை மாட்டுவண்டி. அங்கிருந்து கரிப்புகையில் ஓடுகிற பஸ். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார், பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள், காலடியில் கோணிப்பை மேல் நான். வேலூர் வரும்வரை அவள் முழங்காலை முறைத்துக்கொண்டே போனேன்.

கடைக்கார பாய் ஆறு ஜாக்கிகளை வரிசையாக வைத்தார். ஐந்து, எண்ணெய் அழுக்கேறிக் கறுத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் புதிதாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது.

"எல்லாம் மிலிட்டரி மால் மேஸ்திரி. கண்ண மூடினு எடுத்துனு போங்க" என்றார் பாய்.

அப்பா கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு திருகையும் முழுக்க வெளியே சுற்றி எடுத்துத் துணியால் துடைத்து, நகத்தால் மரையைத் தடவிப் பார்த்தார். மரை தேய்ந்திருந்தால் கனம் ஏறும்போது வழுக்கிவிடும். இரண்டை அதிலேயே ஒதுக்கிவிட்டார். பிறகு சின்னச் சுத்தியை எடுத்து ஜாக்கியின் அடிப்பாகத்தைத் தட்டினார். வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தில் தெரியும். பெண்கள் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பார்களே, அதே வித்தைதான்.

தட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் அப்பா அவளைப் பார்த்தார். அவள் சடையை முன்னால் எடுத்துப் போட்டால் ஜாக்கியை வலப்பக்கம் வைத்தார். சடையைப் பின்னால் தள்ளினால் இடப்பக்கம் வைத்தார். பாய் இதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். பொறாமைக்காரிக்குக் கண் கூர்மை. வளையல் கடையில் பெண்ணைக் கேட்டு வாங்குவதைப் போல, ஜாக்கியைக்கூட அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டு வாங்குகிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

"செகப்பு எடுக்கலாம்பா" என்றேன். அப்பா திரும்பவில்லை. இன்னும் பலமாகச் சொன்னேன். பாய் சிரித்தார், அப்பா திரும்பவில்லை. அவள் அப்பாவின் முழங்கையை லேசாகத் தொட்டாள். உடனே திரும்பினார்.

"செகப்பு வேணுமாம் மாமா" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பா சிரித்துக்கொண்டே சிவப்பு ஜாக்கியைத் தட்டினார். அவள் சடை பின்னால் போனது. அப்பா உளியால் பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு கீறல், மேலிருந்து கீழ் வரைக்கும் ஓடியது. "எனக்கே தெரியாது மேஸ்திரி" என்று பாய் தாடியைத் தடவினார். நான் ஆசைப்பட்டதால்தான் அவள் அதை ஒதுக்கினாள் என்று நான் முடிவு கட்டினேன். அந்தக் கீறலையே அவள்தான் போட்டாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் நம்பியிருப்பேன்.

மூன்றாம் நாள் கர்டரைத் தூக்கினார்கள். மலையிலிருந்து வந்த ஆட்கள் நாலு பேர், நாலு ஜாக்கிக்கும் ஆளுக்கொருவராக நின்றார்கள். சாமை அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவார்களே, அப்படியே அப்பாவும் "லாபம்" என்றால் முதல் சுற்று, "ரெண்டு" என்றால் அடுத்த சுற்று. அவள் அப்பாவை ஒட்டி நின்றாள். ஒரு தடவை ஓடைக்குள் இருந்து யாரோ "நிறுத்து" என்று கத்த, அவள் அப்பாவின் கையைத் தொட, அப்பா அதே நொடியில் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். ஜாக்கிக்கு அடியில் கொடுத்திருந்த கட்டை சாய்ந்திருந்ததைச் சரிசெய்து மறுபடி சுற்றினார்கள். மத்தியானத்துக்குள் கர்டர் தன் இடத்தில் உட்கார்ந்தது.

கண்ட்ராக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தட்டிப் பாத்தே ஜாக்கி எடுத்தாந்தீங்களாமே. காதுன்னா மேஸ்திரி காது. மேல வேலைக்கு நீங்கதான்" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, "உங்க பொண்ணா? அப்பன வுட்டு நகராம நிக்குதே" என்றார். அப்பா இல்லை என்று சொல்லவில்லை. சிரித்துவிட்டு, ஜாக்கிகளைத் துடைக்க ஓடைப்பக்கம் போனார். அவள் கட்டைகளைப் பொறுக்கக் கரைமேல் ஏறினாள்.

உங்க பொண்ணா என்ற அந்த வார்த்தைதான் என்னைத் தள்ளியது. நேரே கண்ட்ராக்டர் முன்னால் போய் நின்றேன்.

"பொண்ணு நான்தாங்க. அது அத்த பொண்ணு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவ அப்பாவ ஆட்டி வெக்கறாங்க. ஜாக்கிய அப்பா தட்டுவாரு, அவ சடையப் போட்டுக் காட்டுனாத்தான் எடுப்பாரு. நான் கத்துனாக்கூடத் திரும்ப மாட்டாரு. அவ தொட்டாத் திரும்புவாரு."

சிரித்துக்கொண்டே கேட்ட கண்ட்ராக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் மெதுவாக நடந்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் போய் நின்றார்.

"மேஸ்திரி, காலாண்ட தேள் கீது" என்றார்.

அப்பா கோணியால் ஜாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தேள், மேஸ்திரி" என்று மறுபடி, இன்னும் பலமாகச் சொன்னார். ஆட்கள் நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா துடைத்துக்கொண்டே இருந்தார். கரைமேலிருந்து அவள் கட்டைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அதற்குள் கண்ட்ராக்டர் சுற்றிக்கொண்டு அப்பாவின் முகத்துக்கு எதிரே வந்துவிட்டார்.

"கேக்கணும் மேஸ்திரி" என்றார், நிறுத்தி நிறுத்தி. "கீழ ஆளுங்க நிக்கிற வேலை. கேக்காத ஆள வெச்சினு மேல நான் இன்னா பண்றது?"

அவர் குரலில் கோபமில்லை. அப்பா கோணியை நாலாக மடித்தார். சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று அப்பாவையே ஒருவர் கண்டித்துவிட்டார், அதுவும் அவளுக்கு இடம் கொடுத்ததற்காக, என்றுதான் எனக்குப் பட்டது. அம்மா தினமும் சொல்கிற குறைதானே. மலைப்பாதைக்கு வெடி வைத்த நாட்களிலேயே அப்பாவின் காதுகள் போய்விட்டன என்பதும், அம்மாவுக்கும் அவளுக்கும் மட்டும் அது தெரியும் என்பதும், என் வாய்க்குப் பயந்துதான் என்னிடம் மறைத்தார்கள் என்பதும் நான் அறியப் பல வருஷங்கள் ஆயின. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானல்ல.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா அவளை நிறுத்தி, "அவுருக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார். நான் குனிந்து காலில் முள் தேடினேன்.

அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. "அவுரே கண்டுகினாரு மாமா" என்றாள்.

எனக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் தாவணி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்தங்கினாள். அப்பாவின் பக்கத்தில் இடம் காலியானது. ஓடிப்போய் அவர் விரலைப் பிடித்துக்கொண்டேன்.

வழி நெடுகப் பேசினேன். இனிமேல் வேலைக்கு என்னையும் கூட்டிப்போக வேண்டும் என்றேன். அவளை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும் என்றேன். வேலூருக்கு நாம் இரண்டு பேர் மட்டும் போக வேண்டும் என்றேன். ஒவ்வொன்றையும் சொல்லி விரலை இழுப்பேன். இழுத்த ஒவ்வொரு தடவையும் அப்பா "ம்" என்றார். ஒரே நாளில் அவர் எனக்கு இத்தனைக்குச் சம்மதித்ததே இல்லை. வீடு வந்ததும் வாசலில் காத்திருந்த அம்மாவிடம் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன்.