முன்சக்கரத்துக் குமிழும் எட்டுப் புட்டி மருந்தும்

மேட்டூர் அணை கட்டி முடித்த மறு வருஷம். நான் சேலத்தில் மாட்டாஸ்பத்திரி உதவியாளனாக இருந்தேன். அணை வேலை முடிந்து ஊர் திரும்பவிருந்த ஒரு துரையிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தேன். அதில் ஏறிவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

முன்சக்கரத்துக்கு மேலே ஒரு கம்பிச்சுருள், அதன் பக்கத்தில் கையால் திருகுகிற குமிழ். குமிழ் எதற்கென்று துரையிடம் கேட்கக் கூச்சம். இறுக்கினால் முன்பக்கம் ஆடாமல் நின்றது. மாட்டுவண்டியில் கட்டெல்லாம் இறுக்கமாக இருந்தால்தானே நல்ல வண்டி என்போம்? இரண்டு கையாலும் முறுக்கி வைத்துவிட்டேன்.

இளம்பிள்ளைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய். எட்டுப் புட்டி ஊசி மருந்தை வைக்கோல் வைத்த பெட்டியில் அடுக்கி, பெட்ரோல் டாங்கியின் மேல் கட்டிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினேன். வண்டித்தடத்தில் மோட்டார் சைக்கிள் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

இளம்பிள்ளையில் தெருவை அடைத்து, தறிக்கான நூலைப் பாவாக நீட்டிக் கட்டியிருந்தார்கள். வண்டியை நிறுத்தியதும்தான் மருந்து வாடை வந்தது. பெட்டியைத் திறந்தால் இரண்டு புட்டி சுக்கலாகக் கிடந்தன.

பாவுக்குப் பசை தடவிக்கொண்டிருந்த ஒரு பெண் வந்து எட்டிப் பார்த்தார். சுருளைத் தொட்டு, இது எதற்கென்று கேட்டார். மேடுபள்ளத்தில் அமுங்கி எழுவதற்கு என்று பெரிய இவன் மாதிரி சொன்னேன். அவர் கைப்பிடியை ஊன்றி அமுக்கினார். அசையவில்லை.

"அமுங்கறதுக்குன்னு வச்சதை, ஏனுங்க அமுங்க உடாம புடிச்சு வச்சிருக்கீங்க?"

குமிழை முழுக்கத் தளர்த்தினேன். இப்போது அமுக்கினால் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. அதுவும் ஆகாது என்று தலையசைத்தவர், நீட்டியிருந்த பாவை உள்ளங்கையால் அமுக்கிக் காட்டினார். அது தாழ்ந்து, ஒரு தரம் எழுந்து, அப்படியே நின்றது.

"இந்த அளவு வரட்டுங்க."

கால் திருகு, அரைத் திருகாக இறுக்கி, இருவரும் மாறி மாறி அமுக்கிப் பார்த்தோம். பெட்டியை இறக்கிவிட்டு, ஒரு சொம்பில் தண்ணீர் நிரப்பி டாங்கியில் கட்டி, தெருக்கோடிப் புளியமரம் வரை போய் வந்தேன். முதல் தரம் சொம்பு காலி. குமிழை இன்னும் கொஞ்சம் மாற்றி மாற்றி வைத்ததில், மூன்றாம் தரம் பாதிக்கு மேல் மிஞ்சியது. உடைந்த மருந்தைக்கூடச் சற்று நேரம் மறந்துபோனேன், அவ்வளவு அதிசயமாக இருந்தது.

மீதி ஆறு புட்டியும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. கடைசி வீட்டு உழவு மாடுகளுக்குத்தான் மருந்து இல்லை. மறுநாள் கொண்டுபோனபோது ஜோடியில் ஒன்று செத்திருந்தது.

அந்தக் குடியானவர் என்னைத் திட்டவில்லை. "மருந்து அவ்வளவுதான் வந்துச்சாட்ட இருக்குது. நீங்க என்ன சாமி பண்ணுவீங்க" என்றார். உடைந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேட்கக் கூச்சப்பட்டவன் நான், நஷ்டம் அவருக்கு. இன்றும் தெரியாத ஒன்றைத் திருகக் கை போகும்போது, கட்டுத்தறியில் தனியாக நின்ற அந்த மற்ற மாடு நினைவுக்கு வருகிறது, கையை எடுத்துவிட்டு யாரையாவது கேட்கிறேன்.