சிவப்புத் தரையில் தேங்காய் எண்ணெய்

தேங்காய் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறினால் இன்றும் என் கால்கள் தரையைத் தடவிப் பார்க்கின்றன.

எழுபதுகளின் தொடக்கம். தேனாம்பேட்டையில் எங்கள் அலுவலகத்துக்குப் பம்பாயிலிருந்து பெரிய அதிகாரி வரும் நாள். சிவப்புச் சிமெண்டுத் தரையில் அவர் முகம் தெரிய வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. வாசலிலிருந்து அவர் உட்காரப்போகும் அறைவரை பத்தடி தூரமும் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன்.

பெருக்கித் துடைக்கும் முனியம்மா தடவி முடித்து நிமிர்ந்தாள். “தவுடு போட்டு அழுந்தத் தேச்சாதான் வழுக்காது சார். இப்டியே வுட்டா எவனாவது பல்டி அடிப்பான்.”

“தேய்ச்சா பளபளப்பு போயிடும். நீ போய் டீ வாங்கிட்டு வா.”

அவள் தூக்குப்பாத்திரத்தோடு திரும்பி வாசலில் கால் வைத்தபோது கார் வந்து நின்றது. “ஓடியா!” என்று கத்தினேன். ஓடி வந்தாள். விழுந்தாள். வலது மணிக்கட்டு உடலுக்கு அடியில் மடங்கியது.

“என்ன ஆச்சு?” என்றார் வாசலில் அதிகாரி.

“பார்த்து நடக்கமாட்டா சார்” என்றேன் நான்.

முனியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு வீங்கிய கையைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்குச் சோறு போடும் கை.

எத்தனையோ தரைகளில் நடந்துவிட்டேன். அந்தப் பத்தடியை மட்டும் என்னால் தாண்டவே முடியவில்லை.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போக அவளை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு நானும் ஏறப்போனேன். இடது கையால் தடுத்தாள்.

“நீ வராத சார். மொதல்ல தவுடு போட்டு அத்தத் தேய். டைப் அடிக்கிற பொண்ணு புள்ளத்தாச்சி. அது மேலதான் நடந்துகினு கீது.”