பெரைரா வீட்டு ரத்தம்

மகன் அனுப்பிய மரபணுச் சோதனை முடிவைக் கைபேசியில் படித்தேன். எங்கள் ரத்தத்தில் போர்த்துக்கீசியம் துளியும் இல்லை. பெரைரா, என்றோ ஞானஸ்நானத்தில் ஒரு போர்த்துக்கீசிய ஞானத்தகப்பன் எங்கள் முன்னோருக்குக் கொடுத்துப்போன குடும்பப்பெயர் மட்டும்தான்.

அடுக்களையில் அக்கா சங்குச் சதை வேகவைத்துக்கொண்டிருந்தாள். பல வருடங்களுக்கு முன் திரேஸ்புரத்திலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தவரின் சட்டையிலும் இதே வாடைதான். கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர். அப்பா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"நாங்க போர்த்துக்கீசிய ரத்தம்லே. சங்கு குளிக்கிறவனுக்குப் பொண்ணு தரமாட்டோம்."

கதவுக்குப் பின்னால் காப்பியோடு நின்ற அக்கா தம்ளரை என்னிடம் நீட்டினாள். சிறுவன் நான், குடித்துவிட்டேன். அதன்பின் அவளுக்கு வரன் எதுவும் அமையவில்லை.

இப்போது கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அந்த ரத்தச் சோதனையில என்னலே போட்டிருக்கு? அப்பா சொன்னது சரிதானா?"

"சரிதான்க்கா," என்று கைபேசியை அணைத்தேன்.