படிவத்தில் தாய்மாமன் இல்லை

'சமரச அறைக்குள் கணவன், மனைவி, சமரசர் மூவர் மட்டுமே இருக்கலாம். நான்காவது ஆள் வேண்டுமானால் மேலிடத்தில் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும்.'

எங்கள் மையத்தின் விதி. ஓய்வுபெற்ற பின், மைசூரில் குடும்பச் சண்டைகளைப் பேசித் தீர்க்கும் சமரசர்களுக்கு நான் மேற்பார்வையாளன். அவர்கள் கேட்க மறந்த கேள்வியைக் கேட்பதுதான் வேலை.

ஒருநாள் சௌம்யா கோப்போடு வந்தார்.

"சார், கொள்ளேகால் தம்பதி. டைவர்ஸ் கேஸ். சேர்ந்து வாழ்றதுக்கு எல்லா கண்டிஷனுக்கும் சரிங்கிறாங்க. கையெழுத்துன்னா பேனாவைக் கீழே வெச்சுடறாங்க. கம்யூனிகேஷன் பிராப்ளம்!"

"கூட யார் வந்திருக்காங்க?"

"அதுக்கு ஃபார்ம்ல கட்டமே இல்லையே சார்..."

நியாயம்தானே? கட்டத்தில் அடங்காத மனிதர் அலுவலகத்தில் ஏது?

ஜன்னலைத் திறந்தேன். புங்கமரத்தடியில் ஒரு ஓரம் பெண்ணின் அண்ணன். மறு ஓரம் மாப்பிள்ளையின் அக்கா. முதுகைக் காட்டியபடி. நடுவே குழந்தை, இருபக்கமும் புளிசாதம் வாங்கித் தின்றுகொண்டிருந்தது — எங்கள் மையத்தின் தலைசிறந்த சமரசர்!

அனுமதி கேட்டு அன்றே கடிதம் அனுப்பினேன். பிறகு விதியை மறுபடி படித்தேன். மற்றவர் உள்ளே வரக் கூடாது, சரி. சமரசர் வெளியே போகக் கூடாது என்று எங்கே இருக்கிறது?

தம்பதியின் சம்மதத்தோடு, அவர்களையும் அழைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனோம். ஐந்தே நிமிடத்தில் விஷயம் வந்தது. மாதேஸ்வரன் மலையில் குழந்தைக்கு மொட்டை. தாய்மாமன் வந்த பஸ் தாமதம். காத்திருக்காமல், அக்கா தன் கணவர் மடியில் உட்காரவைத்து முடித்துவிட்டார். காதுகுத்து நின்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போன மனைவி திரும்பவில்லை.

"ஒரு போன் போட்டிருந்தா தேஞ்சா போயிருப்பீங்க?" என்றார் அண்ணன்.

"தப்புத்தானுங்ண்ணா. காதுகுத்துக்கு நீங்க வந்து உக்காராம ஊசியத் தொடமாட்டோமுங்" என்றார் அக்கா.

"உங்க வூட்டுக்காரரு மடி?"

"அவரு பந்தி பரிமாறட்டும்."

அண்ணன் சிரித்துவிட்டார். மனைவி சௌம்யாவிடம் திரும்பினாள்.

"அந்தப் பேனாவக் குடுங்க மேடம்."

காதுகுத்துக்கு எங்களையும் அழைத்தார்கள். கட்சிக்காரர் விருந்தில் கலந்துகொள்ளக் கூடாது — அதுவும் விதி. போகவில்லை.

அலுவலகத்தில் இருந்ததும் நல்லதுக்குத்தான். என் கடிதத்துக்குப் பதில் வந்தது: 'உறவினரின் அடையாள அட்டை நகலுடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்.'

வந்த நாள்? மலையில் அந்தக் குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்ட அதே திங்கட்கிழமை.