என் சக்கரங்களில் நந்தினி

முதலில் கால் விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. மாலைப் பயிற்சிக்கு நடுவே இரண்டு முறை ஸ்கேட்டைக் கழற்றி உதறிப் பார்த்தேன். எறும்பு எதுவும் இல்லை. கயிற்றை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது என்று தளர்த்திக்கொண்டு மறுபடி ஆடப் போனேன். அன்று வளைவில் திரும்பும்போது, நான் சொன்னதைக் கால் கொஞ்சம் தாமதமாகக் கேட்டது.

எங்கள் ஆட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐஸ் ஹாக்கியேதான், ஐஸுக்குப் பதில் சிமெண்ட் தரை, பிளேடுக்குப் பதில் காலுக்கு நான்கு சக்கரம். ஓசூரில் ஐஸை ஜூஸ் கடையில்தான் பார்த்திருக்கிறோம். எங்கள் பொறியியல் கல்லூரியின் பெண்கள் அணி அந்த வருடம்தான் முதன்முறையாக மண்டலக் கோப்பையை வாங்கியிருந்தது. அடுத்து மாநிலப் போட்டி, அதை ஜெயித்தால் தேசிய அளவில் கோப்பைக்கான ஆட்டம். நான் நடு ஆட்டக்காரி. வட்டு முதலில் என்னிடம் வரும், என்னிடமிருந்துதான் மற்றவர்களுக்குப் போகும். இறுதியாண்டு என்பதால் எனக்கு அடுத்த சீசன் கிடையாது.

சக்கரங்கள் உள்பக்கமாகத் தேயும். அதனால் சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் எல்லோரும் தரையில் உட்கார்ந்து வலது கால் சக்கரத்தை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றிப் போடுவது வழக்கம். யாருக்காவது கால் வழுக்கினால், தடுமாறினால், மற்றவர்கள் முதலில் அவள் சக்கரத்தைத்தான் பார்ப்பார்கள்.

பயிற்சியாளரும் அதையே சொன்னார். "வீல் தேஞ்சிருக்கும்மா. மாத்திப் போட்டு ஓட்டிப் பாரு."

மாற்றினேன். அடுத்த நாளும் தடுமாறினேன். வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறார். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவருக்கு உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் ஒரு பேரிங்தான் காரணம். என் ஸ்கேட்டைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுழற்றி, காதருகே வைத்துக் கேட்டு, "இதுதான்," என்றார். மறுநாள் நல்ல பேரிங்குகளாக வாங்கி வந்து, எட்டுச் சக்கரத்துக்கும் மாற்றி, கிரீஸ் வைத்து, ஒரு சக்கரத்தை விரலால் தட்டிவிட்டார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு பேருக்கும் ரொம்பத் திருப்தி.

அதற்கடுத்த நாள் காலை, வகுப்புக்குப் போகும் படிக்கட்டில் வெறும் செருப்போடு விழுந்தேன். எழப் பார்த்தேன், தொடை எழவில்லை. சந்தேகப்படுவதற்குக் காலில் சக்கரமே இல்லை. அப்போதுதான் பயம் வந்தது.

ஓசூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அத்திப்பள்ளி நெரிசலில் ஆம்புலன்ஸ் நின்றபோது கை விரல்களும் மரத்திருந்தன. அம்மா என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். தேய்ப்பதைப் பார்த்தேனே தவிர, உணரவில்லை.

பெங்களூர் டாக்டர் கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார். ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் அசையவில்லை. "போன மாசம் வயிறு கெட்டுச்சாம்மா?" என்று கேட்டார்.

கெட்டிருந்தது. மண்டலப் போட்டிக்குச் சேலம் போனபோது எனக்கு மூன்று நாள் பேதி. எல்லோரும்தான் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டோம். எங்கள் அணி நந்தினி என்னைவிட இரண்டு பரோட்டா கூடவே சாப்பிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீர் (மூளையையும் முதுகுத் தண்டையும் சுற்றியிருக்கும் நீர்) எடுத்தார்கள். நரம்புக் கடத்தல் பரிசோதனையும் (நரம்பில் லேசான மின்சாரம் செலுத்தி அது ஓடும் வேகத்தைப் பார்ப்பது) செய்தார்கள். கில்லன் பாரே என்று பெயர் சொன்னார்கள். அந்தப் பேதிக் கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தி, ஆள் தெரியாமல் நரம்பின் மேலுறையை எதிர்த்துவிடுகிறது. இம்யூனோகுளோபுலின் (பிறர் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள்.

"சரியாகும்மா. பெரும்பாலும் எல்லாரும் நடந்துடுவாங்க. ஸ்வல்ப டைம் ஆகும்," என்றார் டாக்டர்.

"மாநிலப் போட்டிக்குள்ள ஆயிருமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுத் தசை தளர்கிறதா என்று பார்க்க, ஒரே மூச்சில் ஒன்று இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள். காலையில் எண்ணியதைவிட மாலையில் குறைந்தால் செயற்கைச் சுவாசம். நான் முக்கி முக்கி எண்ணினேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் தூக்கத்தில் குறட்டை விட்டார். அவ்வளவு மூச்சை இந்த மனிதர் வீணடிக்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. என் பொறாமை அந்தக் குறட்டையில்தான் தொடங்கியது.

இதே நோயோடு படுத்துக்கொண்டு இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வலியைப் பற்றிச் சொல்வார்கள், பயத்தைப் பற்றிச் சொல்வார்கள், தைரியமாக இருக்கச் சொல்வார்கள். பொறாமையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. மருந்து ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு போகும் நர்ஸின் குதிகால் மேல் பொறாமை. காலை மடித்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் அம்மா மேல் பொறாமை. இடது காலால் ஈயை விரட்டிவிட்டுத் தூங்கிப்போகும் அப்பா மேல் பொறாமை. இவையெல்லாம் சில்லறை. முழுத் தொகையும் நந்தினிக்கு என்று எடுத்து வைத்திருந்தேன்.

நந்தினி இரண்டாமாண்டு. வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், பெங்களூர் அணிகளைத் திட்டுவதற்குக் கன்னடம். எனக்கு மாற்று ஆட்டக்காரியாக வெளியே உட்கார்ந்திருந்தவள். அவளுக்கும் எனக்கும் ஒரே பாத அளவு. ஸ்கேட்டுகள் கல்லூரிச் சொத்து. நல்ல ஜோடி ஒன்றுதான் அந்த அளவில் இருந்தது.

நான் படுத்த வாரமே பயிற்சியாளர் வீட்டுக்கு ஆள் அனுப்பி ஸ்கேட்டை வாங்கிக்கொண்டார். அப்பாதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார், மேலே படிந்த தூசியைத் துடைத்துவிட்டு. மூன்று வருடமாக என் கணுக்கால் எலும்புக்கு ஏற்பப் பள்ளம் விழுந்த பூட்ஸ் அது. அதைக்கூட விட்டுவிடலாம். அந்தப் பேரிங்குகள்! என் நோய்க்கு என் அப்பா பார்த்த முதல் வைத்தியம், நந்தினியின் காலில் போய் வேலை செய்தது. மாநிலப் போட்டியில் அவளைப்போல் வேகம் யாருக்குமே இல்லையாம். பயிற்சியாளர் போனில் சொன்னார். நல்ல செய்தி சொன்னால் நான் சீக்கிரம் தேறுவேன் என்று நினைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நந்தினி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பஸ் மாறி, பூ மார்க்கெட் நெரிசலில் இறங்கி, நாங்கள் ஓசூர் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் வந்தாள். ஒருமுறை தோட்டத்தின் முதல் மாங்காய்களைக் கொண்டுவந்தாள். அம்மாவும் அவளும் உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக் கடித்துச் சாப்பிட்டார்கள். எனக்கு அப்போது முகத் தசைகளும் முழுதாகத் தேறவில்லை. கஞ்சி குடித்தால் வாயோரம் வழியும். அந்த "நறுக்" என்ற சத்தத்தை அவள் வேண்டுமென்றே எழுப்புகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, எதிர் டீம்காரி பின்னாடியே வந்தா நீங்க எந்தப் பக்கம் திரும்புவீங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு ஞாபகம் இல்ல," என்றேன். நன்றாகவே ஞாபகம் இருந்தது. இடது பக்கம் போவதுபோல் தோளை மட்டும் காட்டிவிட்டு வலது பக்கம் போக வேண்டும்.

அவள் போன பிறகு அம்மா திட்டினாள். "ஏட்டி, அந்தப் புள்ள ஒன்ன என்ன செஞ்சா? எவ்வளவு தூரத்துலேந்து வருதா. ரெண்டு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவ?"

"என் கால அவகிட்ட குடுத்திருக்கீங்க. வார்த்தையும் குடுக்கணுமா?" என்றேன். அம்மா தட்டில் கிடந்த மாங்கொட்டைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

பிசியோதெரபிக்குப் போகும்போது வேறொரு நேரக் கணக்கு பழகியது. "எப்ப முன்ன மாதிரி ஆகும்?" என்று கேட்டபோது, டாக்டர் என் கட்டைவிரல் நகத்தைத் தொட்டுக் காட்டினார். "இது வளர்றதை உட்கார்ந்து பார்க்க முடியுமா? நரம்பும் ஏறக்குறைய அப்படித்தான்." முதுகிலிருந்து கால் விரல் வரை நகத்தின் வேகத்தில் ஒரு பயணம். அதற்கு நடுவே மற்றவர்கள் அரையிறுதி, இறுதி என்று போய்க்கொண்டிருந்தார்கள்.

பாதம் தொங்காமல் இருக்கக் கணுக்காலுக்கு ஸ்பிளிண்ட் (பாதத்தை உயர்த்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி) கொடுத்தார்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நின்று பழகினேன். ஸ்கேட்டில் நிற்பதைவிடக் கடினமாக இருந்தது.

தேசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை அப்பாவின் போனில் பார்த்தோம். யாரோ கேலரியிலிருந்து நேரலை போட்டிருந்தார்கள். நாற்காலியில் தலையணை வைத்து என்னை உட்காரவைத்திருந்தார்கள். நான் எங்கள் கல்லூரி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அழகாகத் தோற்க வேண்டும், போராடித் தோற்க வேண்டும், 'சுகன்யா இருந்திருந்தால்' என்று பஸ் முழுக்கப் பேசிக்கொண்டு திரும்பி வர வேண்டும்.

இரண்டாம் பாதியில் நந்தினி விழுந்தாள். மைதானத்தைச் சுற்றியிருந்த தடுப்புப் பலகையில் மோதி, முழங்கால் மடிந்து, சறுக்கிக்கொண்டே போனாள். எனக்குள் குளிர்ச்சியாக ஏதோ இறங்கியது. அடுத்த நொடியே அவள் எழுந்துவிட்டாள். கையை ஊன்றவில்லை, யாரையும் பிடிக்கவில்லை. தரைக்கும் அவளுக்கும் எந்தக் கணக்கும் இல்லாததுபோல் எழுந்து ஓடினாள். விழுந்தவள் எழுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த மைதானத்தில் ஒருத்திக்கும் தெரியவில்லை. அன்று நான் நிஜமாகவே அழுதது அதற்குத்தான்.

கடைசி நிமிடங்களில் ஒருத்தி அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தாள். நந்தினி இடது தோளைக் காட்டிவிட்டு வலது பக்கம் போனாள். நான் சொல்லித் தராததை, இரண்டு சீசன் வெளியே உட்கார்ந்து பார்த்தே கற்றிருக்கிறாள். கோல் விழுந்தது. அந்த ஒரு கோலில் ஜெயித்தோம். அப்பா கைதட்டத் தொடங்கி, என்னைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"தட்டுங்கப்பா," என்றேன். "உங்க பேரிங்தான்."

அந்த ஞாயிறு நந்தினி வெறுங்கையோடு வந்தாள். பதக்கத்தைப் பையில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று பையை அவள் பிடித்த பிடியிலேயே தெரிந்தது. காட்டச் சொன்னேன். கொடுத்தாள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அதைப் பிடித்துத் தூக்க என்ன பாடு பட்டன என்று எனக்குத்தான் தெரியும்.

"லேசா இருக்கு," என்றேன்.

"தகரம்க்கா," என்றாள். "முழங்காலு இன்னும் வலிக்குது. ராத்திரி புரண்டு படுக்க முடியல." பேன்ட்டைச் சுருட்டிக் காயத்தைக் காட்டினாள். ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது. நான் விரலால் அழுத்தினேன். "ஆ, அக்கா," என்று காலை இழுத்துக்கொண்டாள். என் பாதத்தில் அப்போது கொதிக்கிற தண்ணீர் பட்டாலும் தெரியாது. பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அந்த வலியை மட்டும் எனக்கென்று வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

இப்போது ஒரு வருடம் கடந்துவிட்டது. ஸ்பிளிண்ட்டோடு தனியாக நடக்கிறேன், பரீட்சைகளை எழுதி முடித்தேன். ஸ்கேட் போடவில்லை. நந்தினி அணியின் கேப்டன். என் உடம்பு முன்பு என்னோடு ஒட்டியே இருந்தது. இப்போது சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. படி இறங்க வேண்டுமென்றால் ஒரு படிக்கு முன்பே காலுக்குச் சொல்ல வேண்டும். நாள் என்பதும் அப்படித்தான். காலண்டரைப் பார்ப்பதைவிட நகம் வெட்டும்போதுதான் இவ்வளவு காலம் போயிருக்கிறது என்று தெரிகிறது.

போன மாதம் மறுபரிசோதனை. டாக்டர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. "இது வராமலே போகலாம். நடக்கறதுக்கு இது வேண்டாம்," என்றார்.

வெளியே வராந்தாவில் சக்கர நாற்காலியில் ஓர் அம்மா இருந்தார். உத்தனப்பள்ளிப் பக்கம், தக்காளி விவசாயமாம். கைகள் மடியில் கிடந்தன. பின்னால் நின்ற அவர் கணவர் என் ஸ்பிளிண்ட்டைப் பார்த்துவிட்டு, "இவளுக்கும் அந்த நரம்பு சமாச்சாரந்தான்னு சொல்றாங்கம்மா," என்றார்.

"எத்தினி மாசமாச்சு உனக்கு?" என்று அந்த அம்மா கேட்டார். உதடு சரியாக மூடவில்லை.

"ஒரு வருசம் தாண்டிருச்சுங்கம்மா."

"அந்தக் கதவு வரைக்கும் போயிட்டு வா, பாக்கறேன்."

போனேன். கதவைத் தொட்டுத் திரும்பினேன். அவர் என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்வை முழுக்க என் கால்களில் இருந்தது. அதில் சந்தோஷமும் இல்லை, வாழ்த்தும் இல்லை. எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் நான் அதை நந்தினியின் கால்கள்மேல் வைத்திருந்தேன். அவளுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் அடுத்த ஞாயிறு பஸ் ஏறியிருக்கிறாள்.

"இன்னொரு வாட்டி நடம்மா," என்றார் அந்த அம்மா.

நடந்தேன். முன்னைவிடக் கொஞ்சம் வேகமாகவே நடந்தேன்.